பெரியம்மையின் அமைதியான உறவு

பெரியம்மை உலகைவிட்டு ஒழிந்ததென 1980ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. அம்மைத் தீநுண்மிக் குடும்பத்துள் மனித உடலையன்றி வேறு உறைவிடம் அறியாதவை இரண்டே. ஒன்று பெரியம்மை, மற்றொன்று இன்றும் சிறுவர்தம் தோலில் உறைகிறது. அது தோற்றுவிக்கும் பருக்களை நம் மக்கள் மருவோடு சேர்த்துப் பாலுண்ணி என்பர். மருத்துவர் மொலசுகம் கண்டேசியோசம் என்பர்.

ஆங்கில மருத்துவர் தாமசு பேட்மன் 1817இல் இந்நோயை விரித்துரைத்தார். 1841இல் மருத்துவர்கள் எண்டர்சனும் பேட்டர்சனும் பருக்களின் உயிரணுக்களுக்குள் உருண்டைத் திரள்களைத் தனித்தனியே கண்டனர். பாக்டீரியாக்களைத் தடுக்கும் வடிகட்டியையும் இதன் நோய்க்காரணி கடந்துவிடுவதை 1905இல் மருத்துவர் யூலியசுபெர்கு மெய்ப்பித்தார்.

பரு பெரும்பாலும் 2 முதல் 5 மில்லிமீட்டர் அளவினது, வழவழப்பானது, உச்சியில் சிறு குழி உடையது. உள்ளே வெண்மையான மெழுகு போன்ற பொருள் இருக்கும். தீநுண்மிகள் செறிந்திருப்பது அதில்தான். தோலோடு தோல் உரசுவதாலும், ஒரே துண்டால் பலர் துவட்டுவதாலும் நோய் பரவும். சொறிந்த நகமே அதனை உடலின் வேறிடங்களுக்கும் கொண்டு செல்லும். வளர்ந்தோரிடையே உடலுறவாலும் தொற்றும். தொற்றிய பின் பரு வெளிப்படச் சில வாரங்கள் ஆகலாம். ஆறு மாதங்கள்கூட ஆகலாம்.

இத்தீநுண்மியின் தனித்திறம் அதன் அடக்கத்தில் இருக்கிறது. அது குருதியில் கலப்பதில்லை; மேற்றோலைத் தாண்டுவதில்லை. 1996இல் இதன் மரபணுத் தொகுதி முழுதும் படித்தறியப்பட்ட பின், உடலின் எதிர்ப்பை அது ஏய்க்கும் வழிகள் ஒவ்வொன்றாக விளங்கின. எதிர்ப்பணுக்களை எழுப்பும் இன்டர்லியூக்கின்-18 என்னும் புரதத்தைப் பற்றி முடக்க ஒரு புரதம். அவ்வணுக்களை நோயிடத்திற்கு அழைக்கும் குறிப்புகளைத் தடுக்க மற்றொன்று. தொற்றுண்ட உயிரணு தன்னைத்தானே மாய்த்துக்கொள்ளாதிருக்க வேறு சில. இவற்றால்தான் பருக்கள் பல மாதங்கள் வீக்கமும் வலியுமின்றி நிற்கின்றன.

ஒரு நாள் பருவைச் சுற்றித் தோல் சிவந்து வீங்கும். நோய் முற்றிவிட்டதெனப் பெற்றோர் அஞ்சுவர். பெரும்பாலும் நேர்ந்திருப்பது அதற்கு மாறானது: உடலின் எதிர்ப்பாற்றல் பகையை அடையாளங்கண்டுவிட்டது, குணமடைதல் தொடங்கிவிட்டது. ஆயினும் சீழ், காய்ச்சல், மிகுந்த வலி ஆகியவை சேர்ந்தால் பாக்டீரியாத் தொற்றாகலாம்; அப்போது மருத்துவரைக் காண வேண்டும்.

நலமுள்ள குழந்தைக்குப் பொதுவாக 6 முதல் 12 மாதங்களில் பருக்கள் தாமே மறையும். சிலருக்கு ஆண்டுகள் சில ஆகும். ஆதலால் காத்திருத்தலும் மருத்துவமே. கரப்பான் உள்ள தோலில் விரைந்து பரவினாலோ, இமையோரத்தில் எழுந்து கண்ணை உறுத்தினாலோ, காத்திருத்தல் பொருந்தாது. மருத்துவர் பருவைச் சுரண்டி எடுப்பர். நீர்ம நைட்ரசனால் உறையச் செய்வர். அல்லது கொப்புள வண்டிலிருந்து அறியப்பட்ட காந்தாரிடின் மருந்தைத் தடவுவர். இம்மருந்துக்கு 2023இலும், நைட்ரிக் ஆக்சைடை வெளிவிடும் பெர்டாசிமர் களிம்புக்கு 2024இலும் அமெரிக்கா இசைவளித்தது. வளர்ந்தவரின் முகத்தில் பெரிய பருக்கள் பல எழுந்தால் எச்.ஐ.வி. ஆய்வு தேவை, எதிர்ப்பாற்றல் குன்றியதன் அறிகுறியாக அவை இருக்கக்கூடும்.

சுண்ணாம்பு தடவுவதும், முடியால் இறுக்கிக் கட்டுவதும், நகத்தால் பிதுக்குவதும் தகா. தானே மறையவிருந்த பரு அவற்றால் நிலைத்த தழும்பாகலாம். பிதுங்கிய பொருள் புதிய பருக்களை விதைக்கும். பருக்களை ஆடையால் மூடுங்கள். துண்டைத் தனியே வையுங்கள். குழந்தையின் நகங்களை வெட்டிவிடுங்கள். இந்நோய்க்காகக் குழந்தையைப் பள்ளியிலிருந்து நிறுத்த வேண்டியதில்லை. பருக்கள் மூடியிருந்தால் விளையாட்டிலிருந்து விலக்கவும் வேண்டியதில்லை.