குச்சியில் சிக்காத பாசி

சித்திரை பிறந்தால் அமராவதியில் ஓட்டம் ஒடுங்கிவிடும். மடத்துக்குளம் பக்கம் ஆற்றில் ஆங்காங்கே மடுக்களாகத் தண்ணீர் நிற்கும். அப்படி ஒரு மடுவின் ஓரத்தில்தான் அந்தப் பச்சையைப் பார்த்தேன். யாரோ பெயின்ட் டப்பாவைக் கவிழ்த்தது மாதிரி, காற்று தள்ளிய பக்கம் மட்டும் கெட்டியாக ஒதுங்கியிருந்தது. திருப்பூர் மாவட்டத்துக்காரனுக்கு முதல் சந்தேகம் சாயத்தின் மேல்தான் போகும். மாடு ஓட்டி வந்த பெரியவர் சிரித்தார். “சாயமெல்லாம் இல்லீங்க, தண்ணி பச்சை கட்டிருச்சு. பாசிதானுங்க.”

ஒரு குச்சியை எடுத்துக் கிளறினேன். நூல் நூலாகக் குச்சியில் சுற்றிக்கொண்டு வந்தால் அது வழக்கமான பாசி. பார்க்க அருவருப்பாக இருந்தாலும் பெரும்பாலும் தொந்தரவில்லாதது. இது சுற்றவில்லை. குச்சிதான் பச்சையாகி வந்தது.

பாசி என்ற ஒரே சொல்லில் நாம் பலவற்றையும் அடக்கிவிடுகிறோம். குச்சியில் சிக்காத இது பெரும்பாலும் நீலப்பச்சைப்பாசி. பெயரில்தான் பாசி, உண்மையில் அது பாக்டீரியா. செடி, மரம், மீன் எதுவும் இல்லாத காலத்தில் வெயிலைத் தின்று ஆக்ஸிஜனை வெளிவிடக் கற்றுக்கொண்ட கூட்டம். சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் பூமியின் காற்றில் ஆக்ஸிஜன் சேரத் தொடங்கியது இவற்றின் கைங்கரியம். இவற்றை வகைபிரித்துச் சொல்ல உலகெங்கும் ஆய்வாளர்கள் புரட்டிய நூல்களில் ஒன்று, சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.வி.தேசிகாச்சாரி 1959-இல் எழுதியது.

பெரியவருக்கும் இந்தக் குடும்பத்தோடு பழக்கம் உண்டு, அவருக்குத் தெரியாமலே. மாட்டுத் தீவனத்துக்குக் குழி வெட்டி அசோலா வளர்க்கிறார்கள் அல்லவா? அந்தச் சிற்றிலைகளுக்குள் குடியிருந்து காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பது ஒரு நீலப்பச்சைப்பாசிதான். நெல் வயலுக்கு உரமாக இடுவதும் இந்த வகைதான். அங்கே சோறு போடும் இனம் இங்கே ஏன் நஞ்சாகிறது?

எல்லா இனமும் நஞ்சு செய்வதில்லை. செய்யும் இனமும் எப்போதும் செய்வதில்லை. ஆனால் அளவுக்கு மீறிப் பெருகும்போதுதான் சிக்கல். பெருக வைப்பது பெரும்பாலும் பாஸ்பரஸ். 1973-இல் கனடாவில் டேவிட் ஷிண்ட்லரின் குழு ஓர் ஏரியின் இடுப்பில் திரை கட்டி இரண்டாகப் பிரித்தது. இரு பக்கமும் நைட்ரஜனும் கார்பனும் போட்டார்கள். ஒரு பக்கம் மட்டும் கூடவே பாஸ்பரஸ். வானத்திலிருந்து எடுத்த படத்தில் அந்தப் பாதி மட்டும் பச்சைப் பசேல் என்று இருந்தது. நமக்கு ஏரியும் வேண்டாம், திரையும் வேண்டாம். வயலில் போட்ட டி.ஏ.பி., சூப்பர் பாஸ்பேட் மழையில் கரைந்து வருகிறது. ஊர்ச் சாக்கடை வருகிறது. மீதியை வெயிலும் அசையாத தண்ணீரும் பார்த்துக்கொள்கின்றன.

மேட்டூரில் இது பெரிய அளவில் நடக்கிறது. 93.47 டி.எம்.சி. கொள்ளும் ஸ்டான்லி நீர்த்தேக்கத்தின் ஓரங்களில் பச்சை படர்ந்து அழுகி, கரையோரக் கிராமங்களில் மூக்கைப் பொத்திக்கொண்டு நடக்க வேண்டியிருக்கும். நுண்ணுயிர்க் கரைசலைத் தெளித்து நாற்றத்தைக் குறைக்கப் பார்த்திருக்கிறார்கள். மேலிருந்து உரமும் கழிவும் வந்துகொண்டேயிருக்க, தெளிப்பதெல்லாம் அன்றைய வேலைதான் என்பது என் கணக்கு.

நாற்றத்தைவிட மோசமானது கண்ணுக்குத் தெரியாதது. மைக்ரோசிஸ்டின் என்னும் நஞ்சு ஈரலைத் தாக்கும். நாம் நம்பியிருக்கும் வைத்தியம், தண்ணீரைக் கொதிக்க வைப்பது. இந்த நஞ்சு அதற்கு மசியாது. தண்ணீர் வற்ற வற்ற நஞ்சு கெட்டிப்படும், அவ்வளவுதான். 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் டொலீடோ நகரில் சுமார் ஐந்து லட்சம் பேரிடம் குழாய்த் தண்ணீர் குடிக்க வேண்டாம் என்று சொன்னபோது, காய்ச்சியும் குடிக்காதீர்கள் என்று சேர்த்தே சொன்னார்கள். நீலப்பச்சைப்பாசி பெருகிய தண்ணீரைக் குடித்துக் கால்நடைகள் பலியாவது 1878-லேயே ஆஸ்திரேலியாவிலிருந்து எழுதப்பட்டுவிட்டது.

இன்னொரு வைத்தியம் நம் ஊர்க்காரர்கள் கைக்கு உடனே வரக்கூடியது: மயில்துத்தம். திராட்சைக்கும் தென்னைக்கும் போர்டோ கலவை போடத் தெரிந்தவர், குளத்திலும் கொஞ்சம் தூவிப் பார்க்கலாமே என்றுதான் நினைப்பார். பாசி சாகும். செத்த செல் உடைந்து, உள்ளே அடைத்து வைத்த நஞ்சை ஒரேயடியாகத் தண்ணீரில் கொட்டும். 1979-இல் ஆஸ்திரேலியாவின் பாம் தீவில் குடிநீர் அணைக்கு மயில்துத்தம் போட்ட சில நாட்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள், பெரும்பாலும் குழந்தைகள்.

பச்சை அளவு மீறிவிட்டதற்கு இன்னொரு அடையாளமும் உண்டு. பகலில் ஆக்ஸிஜன் விடும் பச்சை, இரவில் அதையே இழுத்துக்கொள்ளும். விடியற்காலையில் மீன் மேலே வந்து வாயைப் பிளந்துகொண்டிருந்தால் தண்ணீருக்குள் மூச்சு முட்டுகிறது என்று பொருள்.

குச்சியோடு நிறுத்த மனம் வரவில்லை. கையில் பாலித்தீன் பையை மாட்டிக்கொண்டு, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் அளவு மொண்டேன். வீட்டில் திட்டு வாங்கி, வெயில் படாத மூலையில் அசையாமல் வைத்தேன். நீலப்பச்சைப்பாசிகளில் பல, செல்லுக்குள் காற்றுப் பைகள் வைத்திருக்கும்; மற்ற பாசி அடியில் படிய, இவை மேலே ஏறும். காலையில் அடித்தண்ணீர் தெளிந்திருந்தது. மேலே விரற்கடை அளவுக்குப் பச்சை வளையம்.

நஞ்சு இருக்கிறதா என்பதை ஆய்வகம்தான் சொல்ல முடியும். பாட்டிலை எடுத்துக்கொண்டு போய்ப் பெரியவரிடம் காட்டினேன். கொஞ்ச நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது பாசி இல்லீங்களா அப்ப?” என்று கேட்டுவிட்டு, மாடுகளை மோட்டார் தொட்டிப் பக்கம் திருப்பினார்.