உங்களுக்குத் தெரியுமா? சூடு வைக்காமலும் பாலிப்பை வெட்டலாம்!

பெருங்குடலில் முளைக்கும் ‘பாலிப்’ எனும் சதை வளர்ச்சிகளில் சில, நாளடைவில் புற்றுநோயாக மாறக்கூடியவை. பெரிய பாலிப்களைக்கூட வயிற்றைத் திறக்காமல், கொலனோஸ்கோப்பி (குடலுக்குள் கேமராக் குழாய் செலுத்தும் முறை) மூலமே அகற்ற முடியும்.

● எப்படி? பாலிப்புக்கு அடியில் ஊசியால் திரவம் செலுத்துவார்கள். அது மேலெழும்பியதும் கம்பிச் சுருக்கை மாட்டி, மின்சாரச் சூட்டால் அறுப்பார்கள்.

● சூடு இல்லாமல்? சுருக்கை இறுக்கியே வெட்டிவிடலாம். எது நல்லது என்று ஜெர்மனியின் 19 மருத்துவமனைகள் ‘குரோனிக்கிள்’ ஆய்வில் ஒப்பிட்டன. 2 செ.மீ. அல்லது அதற்கும் பெரிய, காம்பில்லாத 396 பாலிப்கள் அகற்றப்பட்டன.

● முடிவு (2024): கடும் பாதிப்புகள் சூட்டு முறையில் 7.9%, சூடற்ற முறையில் 1% மட்டுமே. சூடற்ற முறையில் ஒருவருக்குக்கூடக் குடலில் துளை விழவில்லை.

● குறை: பாலிப் திசு மிஞ்சியிருந்தது சூடற்ற முறையில் 23.7%, சூட்டு முறையில் 13.8%.

மறக்காதீர்கள்: எந்த முறையில் பெரிய பாலிப்பை அகற்றினாலும், மருத்துவர் சொல்லும் நாளில் மறுபரிசோதனைக்குப் போயே ஆக வேண்டும். மிஞ்சிய திசுவை அப்போதே கண்டுபிடித்து நீக்கிவிடலாம்.