பழுதுள்ள காரும் பயனீட்டாளர் பாத்தியதையும்

கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸுக்கும் கோலாலம்பூரின் பிற பகுதிகளுக்கும் அன்றாடம் வேலைக்குச் சென்று திரும்பும் நம்மவர் பலர், வாடகைக் கொள்முதல் ஒப்பந்தத்தின் பேரில், மாதத் தவணை கட்டியே கார் வைத்திருக்கின்றனர். கடைசித் தவணை தீரும்வரை அந்தக் கார் சட்டப்படி வங்கிக்கு உரியதாகையால், புத்தம்புதிய காரின் இயந்திரம் அடிக்கடி நின்றுபோய், பட்டறைக்குப் பன்முறை கொண்டு சென்றும் குணம் காணாதபோது, தமக்குச் சொந்தமில்லாத பொருளைக் குறித்து முறையிடும் உரிமை தமக்கு ஏது என்று அவர்கள் மனம் தளர்ந்துவிடுகின்றனர். அவ்வெண்ணம் முற்றிலும் ஆதாரமற்றது.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலம் 1982-இலும், அண்டை நாடாகிய சிங்கப்பூர் 2012-இலும் பழுதுள்ள பொருளை வாங்கியவருக்கு 'லெமன் சட்டம்' என வழங்கும் பாதுகாப்பை ஏற்படுத்தின. அத்தகைய தனிச் சட்டம் வேண்டுமென்ற கோரிக்கை நெடுநாளாக எழுந்துவரும் மலேசியாவில், 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமே நமக்குத் துணை. விலைக்கு வாங்கியவரை மட்டுமன்றி, குத்தகைக்கோ வாடகைக் கொள்முதலுக்கோ பொருளைப் பெற்றவரையும் அது பயனீட்டாளர் என்றே ஏற்கிறது. பொருள் தன் பயனுக்குத் தக்கதாகவும், பாதுகாப்பானதாகவும், நீடித்து உழைப்பதாகவும் இருத்தல் வேண்டும் என்பது அச்சட்டம் தரும் உத்தரவாதம். ஒப்பந்தத்தில் எதை எழுதிக் கையொப்பம் வாங்கினாலும் அந்த உத்தரவாதம் அழியாது. சீர்செய்யக்கூடிய குறையாயின், விற்பனையாளர் அதை நியாயமான காலத்திற்குள் சீர்செய்து தரவேண்டும். அவர் மறுத்தாலோ தவறினாலோ, அல்லது குறையே அடிப்படையானதாக இருந்தாலோ, காரை நிராகரிக்கும் உரிமை பயனீட்டாளருக்கு உண்டு. ஆனால் நியாயமான காலம் கடந்தபின் அந்த உரிமை நழுவிவிடும் என்பதால், தாமதம் பெருந்தீங்கு.

இங்கே ஓர் எச்சரிக்கை மிக அவசியம். கோபத்தின் வசப்பட்டுத் தவணையை நிறுத்திவிடுவோர், தம் நியாயமான வழக்கைத் தாமே பலவீனப்படுத்திக் கொள்கின்றனர். 1967-ஆம் ஆண்டின் வாடகைக் கொள்முதல் சட்டப்படி, தொடர்ந்து இரு தவணைகள் தவறினால், 21 நாள் அறிவிப்புக் கொடுத்துக் காரைக் கைப்பற்ற வங்கிக்கு வழி பிறந்துவிடும். ஆகவே, பணத்தைக் கட்டிக்கொண்டே விற்பனையாளருக்கும் வங்கிக்கும் எழுத்து மூலம் புகார் அனுப்புவதும், பட்டறைச் சீட்டுகள் ஒவ்வொன்றையும் தேதி வாரியாகச் சேர்த்து வைப்பதுமே விவேகம்.

அப்படியும் நிவாரணம் கிட்டாவிடில், 5 ரிங்கிட் கட்டணத்தில் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தை நாடலாம். பொதுவாக வழக்கறிஞர்களுக்கு அங்கே இடமில்லை. ஆதலால் சாமானியரும் தம் குறையைத் தாமே எடுத்துரைக்கலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை மன்றம் விசாரிக்கும். அதற்கு மேற்பட்டதாயின், இரு தரப்பும் எழுத்து மூலம் இசைய வேண்டும், அல்லது மிகுதியைக் கோருபவர் விட்டுக்கொடுக்க வேண்டும். கோரிக்கைக்கான காரணம் தோன்றிய 3 ஆண்டுகளுக்குள் மனுச் செய்தாக வேண்டும்.

வியர்வை சிந்திச் சம்பாதித்த பணத்தை மாதந்தோறும் கட்டுகின்ற ஒவ்வொருவரும், பழுதைத் தலைவிதியென்று பொறுத்துக்கொள்ளாமல், இன்றே எழுத்தில் புகாரைத் தொடங்குவாராக. சட்டம் தந்த உரிமை, கேட்பவருக்கே பயன் தரும்.