அடுப்படி அலமாரிக்குக் கதவு போடப் போறீங்களா?



வீடு மராமத்துக்கென்று குழுவில் கடன் கேட்கும்போது, கூரை, கழிப்பறை, தரை என்ற வரிசையில் அடுத்து வருவது அடுப்படிதான். சிமெண்ட் மேடையும் அதற்கு அடியில் கடப்பா கல் தட்டும் ஏற்கனவே இருக்கும். "திறந்தே கெடக்கு, எலியும் கரப்பானும் ஓடுது, ஒரு கதவு போட்டுட்டா லட்சணமா இருக்கும்" என்பது நம் எல்லோருக்கும் உள்ள ஆசை. நியாயமான ஆசைதான். நாளில் பாதி நேரம் நாம் நிற்கிற இடம் அது.

கடைக்குப் போனால் முதலில் நம் கையில் கொடுப்பது கலர் அட்டை. பூப்போட்டது, மர வரி போட்டது, கண்ணாடி போல மின்னுவது என்று நூறு இருக்கும். நாமும் அதைத்தான் புரட்டிக்கொண்டு நிற்போம். ஆனால் கெட்டுப்போவது கலர் இல்லை. அதற்கு உள்ளே மறைந்திருக்கிற பலகைதான் கெடுகிறது. பலகை சரியில்லை என்றால் இரண்டு மழைக்காலத்துக்குள் கதவின் அடிப்பக்கம் உப்பி, கீல் ஆணி கழன்று தொங்கும். கடன் தவணையோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கும். 30,000 ரூபாய் கடனுக்கு நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி என்றாலும் முதல் மாதமே 300 ரூபாய் வட்டி. தொங்கிப்போன கதவுக்கு வட்டி கட்டுவது யாருக்குத்தான் பிடிக்கும்?

முதலில் ஒரு கேள்வி. எல்லாத் தட்டுக்கும் கதவு வேண்டுமா? ஈரப் பாத்திரம் கவிழ்க்கிற தட்டை மூடி வைத்தால் பூஞ்சை வாடை வரும், கரப்பானுக்கும் கொண்டாட்டம். அது திறந்தே இருக்கட்டும். அதைவிட முக்கியம் கேஸ் சிலிண்டர். சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் மேலே போகாது, தரையோடு தேங்கும். சிலிண்டர் இருக்கும் இடத்தைக் கதவு போட்டு மூடினால், கசிந்த வாயு உள்ளேயே நின்று, ஒரு சிறு பொறி பட்டாலும் ஆபத்து. அழகுக்காக அதை மூட வேண்டாம் என்பதுதான் நமது கருத்து. ஆசாரி "அதையும் மூடினாத்தான் ஒரே சீரா இருக்கும்" என்று சொன்னாலும் விட்டுக்கொடுக்காதீர்கள். இப்படி இரண்டு இடத்தில் கதவைத் தவிர்த்தாலே செலவும் குறைந்துவிடும்.

இனி பலகைக்கு வருவோம். அடுப்படிக் கதவுக்கு இரண்டு எதிரிகள்: தண்ணீரும் கரையானும். பாத்திரம் கழுவும் தொட்டிக்கு அடியில் வருகிற கதவுக்குத்தான் தண்ணீர்த் தொல்லை அதிகம். தரை கழுவிவிடும்போது அடி ஓரத்திலும் படும்.

விலை குறைவு என்று காட்டுவது பெரும்பாலும் துகள் பலகை. மரத்தூளையும் சிறு சில்லுகளையும் பசை போட்டு அழுத்திச் செய்வது. மேலே வழவழவென்று ஒட்டியிருப்பதால் உள்ளே என்னவென்று தெரியாது. வெட்டிய ஓரத்தைப் பாருங்கள், ரவையை இறுக்கி வைத்தது போல இருக்கும். எம்.டி.எஃப். என்பது இன்னும் நைசான மர நாரில் செய்தது, ஓரம் அட்டை போல இருக்கும். இரண்டும் காய்ந்த இடத்துக்குப் பரவாயில்லை. துணி அலமாரிக்குப் போடலாம். அடுப்படியில் ஓரம் வழியாகத் தண்ணீர் ஏறிவிட்டால் ஊறி உப்பும், மறுபடி காய வைத்தாலும் பழைய அளவுக்குத் திரும்பாது. துகள் பலகையில் ஒருமுறை திருகாணி கழன்றுவிட்டால் அதே துளையில் மறுபடி பிடிக்காது.

பிளைவுட் என்பது மரத்தை மெல்லிய தாளாகச் சீவி, ஒன்றன்மேல் ஒன்று குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியது. அதனால்தான் சுலபமாகப் பிளக்காது, வளையாது. ஆனால் பிளைவுட்டிலேயே பல தரம் உண்டு, வித்தியாசம் முக்கியமாகப் பசையில். கடைக்காரர் "எம்.ஆர்." என்று சொன்னால் அது ஈரக் காற்றைத்தான் தாங்கும், தண்ணீரை இல்லை. "பி.டபிள்யூ.ஆர்." என்றால் கொதிநீரையும் ஓரளவு தாங்கும் பசை. "மரைன்" என்பது அதற்கும் மேலே. அதற்கான இந்தியத் தர எண் 710. அந்தத் தரத்தில், பலகைத் துண்டை 72 மணி நேரம் கொதிக்க வைத்துச் சோதிக்கிறார்கள். தொட்டிக்கு அடியில் வரும் கதவுக்கு மரைன், மற்றதுக்கு பி.டபிள்யூ.ஆர். என்று கலந்து போட்டாலே போதும். எல்லாவற்றுக்கும் மரைன் போடத் தேவையில்லை.

வாயால் சொல்வதை நம்ப வேண்டாம். ஒவ்வொரு பலகையிலும் ஐ.எஸ்.ஐ. முத்திரை, தர எண், உரிம எண் அச்சிட்டிருக்க வேண்டும். அந்த உரிம எண்ணை "பி.ஐ.எஸ். கேர்" என்ற செயலியில் போட்டால் உண்மையான உரிமமா என்று தெரிந்துவிடும். போன் பார்க்கத் தெரிந்த பிள்ளைகளிடம் சொன்னால் ஒரு நிமிட வேலை. இன்னொரு வழியும் உண்டு, அதுதான் நமக்குக் கைவந்தது. கடையில் ஒரு வெட்டுத் துண்டு கேட்டு வாங்கி வாருங்கள். சமைக்காத பழைய பாத்திரத்தில் போட்டு, வெளியே வெந்நீர் அடுப்பில் மூன்று நான்கு மணி நேரம் கொதிக்க வையுங்கள். தாள் தாளாகப் பிரிந்து வந்தால் அது தொட்டிப் பக்கத்துக்கு ஆகாது. பிரியாவிட்டால் மரைன்தான் என்று அர்த்தமில்லை. ஆனால் மட்டமான பசை இதில் மாட்டிக்கொள்ளும்.

"எதுக்கு இதெல்லாம், மரத்துலயே போட்டுக்கலாமே" என்று பெரியவர்கள் சொல்வார்கள். போடலாம். ஆனால் வைரம் பாய்ந்த மரமாக இருக்க வேண்டும். தேக்கே ஆனாலும் நடுவில் உள்ள வைரப் பகுதியைத்தான் கரையான் சுலபத்தில் தொடாது, சுற்றி வெளுப்பாக இருக்கும் பகுதியைத் தின்றுவிடும். பலகையில் வெள்ளைப் பட்டை ஓடினால் வேண்டாம் என்று சொல்லுங்கள். காயாத மரமும் வேண்டாம். பச்சை மரம் காயக் காய முறுக்கிக்கொள்ளும். காய்ந்த மரமும் மழைக்காலத்தில் சற்று விரிந்து, கோடையில் சுருங்கும். அதனால்தான் நம் பழைய வீட்டுக் கதவுகளில் நான்கு பக்கம் சட்டம் அடித்து, அதில் காடி எடுத்து, நடுப்பலகையை ஆணி அடிக்காமல் சொருகிவிட்டிருப்பார்கள். பலகை விரிந்தாலும் சுருங்கினாலும் காடிக்குள்ளேயே நடந்துகொள்ளும். ஊரில் பழைய வீடு இடித்தால் அந்தக் கதவு, ஜன்னல் மரத்தை விசாரியுங்கள். பல வருஷம் காய்ந்த மரம், ஆணிகளைப் பிடுங்கிவிட்டு அறுத்தால் நல்ல கதவு வரும்.

பி.வி.சி. கதவை இப்போது நிறையப் பேர் போடுகிறார்கள். தண்ணீரும் கரையானும் ஒன்றும் செய்யாது. ஆனால் சூடு ஆகாது, இளகி வளைந்துவிடும். விறகடுப்போ, அடுப்புக்கு ஒட்டின இடமோ என்றால் வேண்டாம். அலுமினியச் சட்டமும் நல்லதுதான். நடுவில் என்ன பலகை சொருகுகிறார்கள் என்று கேளுங்கள், அங்கே பெரும்பாலும் அதே துகள் பலகைதான் வந்து உட்கார்ந்திருக்கும்!

கரையான் கதவில் பிறப்பதில்லை. மண்ணிலிருந்து சுவர் விரிசல் வழியாக மண்குழாய் கட்டிக்கொண்டு மரச்சட்டத்துக்கு வரும். ஆகவே விரிசலை முதலில் பூசுங்கள். சட்டத்தின் அடி தரையைத் தொடாமல் நான்கு அங்குலம் மேலே நிற்கட்டும். கூட்டிப் பெருக்கவும் வசதி.

மாதிரி விஷயத்தில் நமது வோட்டு வெறும் தட்டைக் கதவுக்குத்தான். பூ வேலைப்பாடு, பள்ளம் மேடு வைத்த கதவு கடையில் அழகாக இருக்கும். நம் வீட்டில் தாளிக்கிற எண்ணெய்ப் புகை அந்தப் பள்ளத்தில் படிந்து பிசுக்காகிவிடும். அதைக் குச்சி விட்டுச் சுரண்டுவது யார் வேலை என்று சொல்லத் தேவையில்லை.

பிளைவுட்டின் மேல் ஒட்டும் மைக்காவை வெளிப்பக்கம் மட்டும் ஒட்டினால் கதவு ஒரு பக்கம் வளைய வாய்ப்பு உண்டு. உள்பக்கமும் மெல்லியதாக ஒன்று ஒட்ட வேண்டும். நான்கு ஓரத்தையும் பட்டை ஒட்டி மூட வேண்டும். குறிப்பாக அடி ஓரம், அதுதான் கண்ணுக்குத் தெரியாது என்று விட்டுவிடுவார்கள். தண்ணீர் ஏறுவதும் அங்கேதான். கீலும் திருகாணியும் துருப்பிடிக்காததாகக் கேளுங்கள். கலரில் மிச்சம் பிடித்தாலும் கீலில் பிடிக்க வேண்டாம்.

கடைசியாகக் கணக்கு. மேடை 10 அடி நீளம், கதவு 2 அடி உயரம் என்றால் 20 சதுர அடி. ஒரு முழுப் பலகை 8 அடிக்கு 4 அடி, அதாவது 32 சதுர அடி. சரியாக வெட்டினால் ஒரே பலகையில் கீழ்க்கதவு எல்லாம் வந்து, 12 சதுர அடி வரை மிஞ்சும். ஆசாரி இரண்டு பலகை எழுதினால் எதற்கு என்று கேளுங்கள், கேட்பதில் தப்பில்லை. சதுர அடிக்கு இவ்வளவு என்று மொத்தமாகப் பேசினால், கதவு போடாமல் விட்ட சிலிண்டர் இடத்தையும் சேர்த்து அளக்கிறாரா என்று முன்பே பேசிவிடுங்கள். பலகையின் தர எண், கனம், இரு பக்கமும் மைக்கா, ஓரப் பட்டை, கீல் இவற்றை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு முன்பணம் கொடுங்கள். மீதியில் ஒரு பகுதியைக் கதவு மாட்டித் திறந்து மூடிப் பார்த்த பிறகு கொடுக்கலாம். மிஞ்சின துண்டுகள் நம் காசில் வாங்கியவை, வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். அரிசி மூட்டைக்கு அடியில் போட ஆகும்.