கடுகண்ணாவை ஏற்றத்தில் ஒரு வட்டத் தகடு

கொழும்பிலிருந்து கண்டி மாநகருக்குப் புகையிரதத்திற் செல்வோர், றம்புக்கனையைத் தாண்டியதும் தம்மையறியாமலே யன்னலோரம் நகர்ந்துவிடுவர். ஒரு புறம் மலைச்சுவர். மறு புறம் அதலபாதாளம். தொலைவிலே பைபிள் பாறை எனப் பெயர்பெற்ற பத்தலேகலை. அலகல்லை மலையின் விலாவைத் தழுவிக்கொண்டு, ஏறக்குறைய 45 அடிக்கு ஓரடி வீதம் ஏறும் இப்பாதை, பன்னிரண்டு பதின்மூன்று மைல் தூரத்துக்குள் சுமார் 1,400 அடி உயர்ந்து கடுகண்ணாவையை அடைகிறது. நீராவி யந்திரங்கள் ஓடிய நாளிலே, இந்த ஏற்றத்துக்கென்றே இன்னொரு யந்திரத்தைத் துணைக்குப் பூட்டுவது வழக்கம்.

காட்சியை எல்லோரும் காண்கின்றனர். ஆனால் இம்மலைப்பாதையின் சிறு நிலையங்களிலே நிகழ்ந்து வந்த ஒரு சிறு செயலைக் கவனித்தவர் சிலரே. வண்டி மேடையை அணுகும்போது, பெரியதொரு கம்பி வளையத்தில் தொங்கும் தோற்பையொன்றை யந்திரத்திலிருந்து ஒரு கரம் நீட்டிக் கொடுக்கும். நிலையத்தார் நீட்டும் வேறொரு வளையத்தை வாங்கிக்கொள்ளும். அந்தப் பைக்குள் இருப்பது உலோகத்தாலான ஒரு வட்டத் தகடு. ‘டெப்லட்’ என்பது அதற்குப் புகையிரதப் பகுதியார் வழங்கும் பெயர்.

வளர்ந்துவரும் நிறுவனமொன்று தன் வேலைகளை ஒழுங்குசெய்வதற்கான அமைப்பை எவ்வாறு வகுப்பது என்பதே இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள். யார் எந்த வேலையைச் செய்கிறார், எது முடிந்தது, எது எவரிடம் தங்கிநிற்கிறது என்பவற்றையெல்லாம் ஒரே பலகையிற் காட்டும் கணினி அமைப்புகளை இன்று கொழும்பிலும் சென்னையிலும் நம் இளைஞர் பலர் ஆக்கி வருகின்றனர். அதற்கும் இந்தக் கம்பி வளையத்துக்கும் என்ன உறவு என்று வாசகர் வினவக்கூடும். நெருங்கிய உறவு உண்டு.

பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு கடையை எண்ணிப் பாருங்கள். முதலாளியின் ஞாபகமே பேரேடு. எந்தச் சரக்கு எவரிடம் போயிற்று, எந்தப் பையன் இன்று வரவில்லை என்பதெல்லாம் அவர் நாவின் நுனியில் இருக்கும். அதே கடைக்கு மூன்று கிளைகள் ஏற்பட்டு, ஆட்கள் எண்பதாகிவிட்டால் நடப்பது யாது? ஒரே வேலையை இருவர் செய்வர். அல்லது, “அவர் செய்திருப்பார்” என்று இருவரும் விட்டுவிடுவர். பாடசாலை விட்ட பிள்ளையை அழைத்துவரத் தகப்பன் போயிருப்பார் எனத் தாயும், தாய் போயிருப்பாள் எனத் தகப்பனும் எண்ணியிருந்த கதை நம் வீடுகளிலும் உண்டன்றோ?

இந்தச் சங்கடத்தைப் பெரிய அளவில் முதன்முதற் சந்தித்த தொழில்களுள் புகையிரதமும் ஒன்று. அமெரிக்காவின் நியூயோர்க் ஈரிப் புகையிரதப் பாதையின் மேலாளராக இருந்த டானியல் மக்கலம் இதைத் தெளிவாகக் கண்டார். ஐம்பது மைல் நீளப் பாதையை ஒருவர் நேரிற் பார்த்து நடத்திவிடலாம். ஐந்நூறு மைலாக நீண்டதும் அதே முறை அடியோடு பயனற்றுப்போகும் என்பது அவர் கருத்து. அவர் மேற்பார்வையில் 1855இல் வரையப்பட்ட படம், நவீன நிறுவன அமைப்புப் படங்களுக்கெல்லாம் முன்னோடி எனப் போற்றப்படுகிறது. மரம் போன்ற அப்படத்திலே இயக்குநர்களும் தலைவரும் உச்சியில் இல்லை. அடியில், வேராக இருக்கின்றனர். பின்னர் வந்தோர் அதைத் தலைகீழாக்கி மேலிடத்தை மேலே வைத்துக்கொண்டனர். ஏன் என்று நாம் சொல்லவும் வேண்டுமா?

இலங்கையிலும் பாதை வளர்ந்தது. 1864ஆம் ஆண்டு டிசெம்பர் 27இல் முதல் வண்டி அம்பேபுச வரை ஓடிற்று. 1867இல் கண்டி, 1874இல் நாவலப்பிட்டி, 1885இல் நானுஓயா, 1924இல் பதுளை. கோப்பிக்காகப் போடப்பட்ட பாதை தேயிலையைச் சுமந்து நீண்டது. மலையிலே இரட்டைப் பாதை போடுவது எளிதன்று. ஆகவே ஏறும் வண்டிக்கும் இறங்கும் வண்டிக்கும் ஒற்றைத் தண்டவாளமே கதி. கடையிலே ஒரு வேலையை இருவர் செய்தால் நட்டம் காசோடு போகும். ஒற்றைப் பாதையில் இரு வண்டிகள் எதிரெதிரே புகுந்தாலோ உயிர் போகும்.

அப்படிப் போன உயிர்களின் பயனே அந்தத் தகடு. இங்கிலாந்தில் நொரிச் நகரை அடுத்த தோர்ப் என்னுமிடத்தில் 1874 செப்டெம்பர் 10ஆம் நாள் இரவு இரண்டு வண்டிகள் நேருக்கு நேர் மோதின. இருபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அங்கேயும் ஒழுங்குமுறை இல்லாமலில்லை. தந்திமூலம் கட்டளை கொடுத்தே வண்டிகளை விட்டு வந்தனர். அன்றிரவு, எதிர்வண்டியை அனுப்பும்படியான தந்தி, பொறுப்பதிகாரி கையொப்பமிடுமுன்னரே போய்விட்டது. அது போகவில்லை என எண்ணிய அவர், தம்மிடத்திலிருந்த வண்டியையும் விட்டுவிட்டார். பிழை தெரிந்து தடுக்க முயன்றபோது காலம் கடந்துவிட்டது. வாய்ச்சொல்லும் தந்தியும் செய்தியைக் கொண்டுசெல்லும். ஆனால் ஒரே கட்டளை ஒரே வேளையில் இருவர் கையில் இருப்பதைத் தடுக்கமாட்டா.

எட்வர்ட் டையர் என்பவர் 1878இல் வகுத்த முறை இக்குறையைத் தீர்த்தது. அடுத்தடுத்த இரு நிலையங்களிலும் இரண்டு பெட்டிகள் இருக்கும். அவை மின்கம்பியால் இணைக்கப்பட்டவை. ஒவ்வொன்றினுள்ளும் தகடுகள் அடுக்கப்பட்டிருக்கும். வண்டியை அனுப்ப விரும்பும் நிலைய அதிபர் மணியடித்து அப்புறத்தாரைக் கேட்பார். பாதை வெறுமையாக உள்ளதெனக் கண்டு அவர் தமது விசையை அழுத்தினாலன்றி இவரால் தகட்டை எடுக்க இயலாது. ஒரு தகடு வெளிவந்ததும் இரு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். அந்தத் தகடு இரண்டிலொரு பெட்டிக்குள் மீண்டும் இடப்படும் வரை, யார் சொன்னாலும் இன்னொன்று வெளிவராது. தகட்டிலே இரு நிலையங்களின் பெயரும் பொறிக்கப்பட்டிருக்கும். பக்கத்துப் பகுதியின் தகடு இந்தப் பெட்டியிற் பொருந்தாது.

இதிலே நாம் வியப்பது மின்சாரத்தையன்று. தகடு இன்றிச் சாரதி நகரக்கூடாது என்பது சாரதிக்கு விதித்த கட்டுப்பாடு. ஆனால் அந்தத் தகட்டை நிலைய அதிபரும் தன்னிச்சையாக எடுத்துக் கொடுக்க முடியாதே! கட்டளையிடுபவரின் கையையும் சேர்த்தே கட்டியிருக்கிறது இம்முறை. பாதையில் இறங்குபவனோ, தன் உயிருக்கான உறுதியைத் தன் கையிலேயே வைத்திருக்கிறான். கொழும்பிலுள்ள மேலதிகாரி ஒருவரையும் கேளாமல், அவன் அதை வாசித்தறியலாம்.

பிற்காலத்தில் ஜப்பானிலும் இத்தகைய எண்ணமொன்று முளைத்தது. டொயோட்டா மோட்டார்த் தொழிற்சாலையில் தாயிச்சி ஓனோ வளர்த்த ‘கான்பன்’ முறையிலே, அட்டை வந்தாலன்றிப் புதிய உறுப்பைச் செய்யலாகாது. இன்றைய கணினி வேலைப்பலகைகள் பலவும் அப்பெயரையே சூடிக்கொண்டுள்ளன. பெயரைச் சூடியதோடு நின்றுவிட்டனவோ என்ற ஐயம் நமக்குண்டு. அட்டைகளை வரம்பின்றிக் குவிக்க இடங்கொடுக்கும் பலகை, கான்பன் ஆகாது.

ஆயினும் தகட்டைப் புகழ்ந்து இக்கட்டுரையை முடித்துவிட நம் மனம் ஒப்பவில்லை. காரணம், இதே மலைநாட்டில் இன்னொரு சிட்டையும் வழங்கி வந்தது. அதன் பெயர் ‘துண்டு’.

இந்தப் பாதை எந்தத் தோட்டங்களுக்காக நீண்டதோ, அந்தத் தோட்டங்களிலே கங்காணியின் கீழ் வேலை செய்த நம் முன்னோர் தோட்டம் விட்டுத் தோட்டம் மாறவேண்டுமானால், துரை கொடுக்கும் துண்டு வேண்டும். இவர்கள் பட்டுள்ள கடன் இவ்வளவு, அதைத் தீர்த்தால் விடுவிப்போம் என்பது அதன் வாசகத்தின் சாரம். புதிய தோட்டம் கடனைக் கொடுத்து ஆட்களை எடுத்துக்கொள்ளும். அந்தக் கடனோ ஆட்களின் தலையிலே புதிய கணக்காக ஏறும். 1921இல்தான் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

தகடு இல்லாமல் வண்டி நகராது. துண்டு இல்லாமல் மனிதன் நகரமுடியாது. அமைப்பாளனின் கண்ணுக்கு இரண்டும் ஒரே வகையான ஏற்பாடு. ஆனால் ஒன்றை வாசித்தவன் பயணம் செய்பவன். மற்றதை வாசித்தவர்கள் அவனைக் கொடுத்தவரும் வாங்கியவரும். தன் பெயரால் எழுதப்பட்ட கடனைத் தானே சரிபார்க்க முடியாதவனுக்கு, எவ்வளவு ஒழுங்கான சிட்டையும் விலங்கேயாகும்.

துண்டு போயிற்று, செக்ரோல் இருந்தது. விடியலிலே பிரட்டுக்களத்திற் பெயர் பதிந்து, கொழுந்து நிறுத்து, குறித்த நிறை எட்டாவிட்டால் அரைப்பேர் போடும் கணக்கை மலையகக் குடும்பங்களுக்கு நாம் விளக்க வேண்டுவதில்லை. ஏடு கணக்கப்பிள்ளையிடம். முழுப்பேரா அரைப்பேரா என்பது சம்பள நாளன்று தெரிந்து மனம் வெதும்பிய தாய்மார் கதைகளைக் கேட்டே நம்மிற் பலர் வளர்ந்தோம். ஏட்டிலே பிழை இல்லாமலிருக்கலாம். இருந்தாலும் அதைக் கண்டு கேட்க, உரியவளுக்கு வழியில்லை.

இன்று கணினியிலே வேலை அமைப்பை ஆக்கும் மாணவனொருவன், முதலில் மேலாளர் காணும் திரையையே வரைவதை நாம் கண்டிருக்கிறோம். விலை கொடுப்பவர் அவர்தானே! எத்தனை பேர் எத்தனை மணிக்கு வந்தனர், யார் பின்தங்கினர் என்று வண்ண வண்ணமாகக் காட்டும் திரை அது. வேலை செய்பவருடைய திரையோ, கட்டளை வந்து விழும் பெட்டியாக மட்டும் இருக்கும். இவ்வரிசையை மாற்றிப் பார்க்குமாறு அவனுக்குச் சொல்வோம். ஒரு வேலை ஒருவர் கையிலேயே இருக்கட்டும். கொடுப்பவரும் ஏற்பவரும் இசைந்த பின்னரே அது கைமாறட்டும். ஏற்கனவே கைநிறைய வேலை உள்ளவருக்கு இன்னொன்றைத் தள்ள முயன்றால், மேலாளரேயாயினும் பெட்டி திறக்க மறுக்கட்டும். தன்னைப் பற்றி எழுதப்பட்ட ஒவ்வொரு வரியையும், அது எழுதப்பட்ட அன்றே ஊழியர் வாசிக்கட்டும். இவற்றுள் மூன்றாவதைச் சொன்னதும் மேலாளர்கள் முகம் சுளிப்பர். நிலைய அதிபர்களும் தொடக்கத்திற் சுளித்திருக்கலாம்.

முதல் ஓட்டத்துக்கு 150 ஆண்டு நிறைந்த 2014 டிசெம்பர் 27ஆம் நாள், கடுகண்ணாவை நிலையத்தை அடுத்துத் தேசிய புகையிரத நூதனசாலை திறக்கப்பட்டது. விடுமுறையிலே பிள்ளைகளை அழைத்துச் செல்வோர், பழைய யந்திரங்களின்மேல் அவர்கள் ஏறி இறங்கிக் களைத்த பின், இந்தத் தகட்டின் கதையையும் அங்கேயே சொல்லிவிடலாம். அருகிலே, வீதியோரம், கண்டி வீதியை அமைப்பதில் உழைத்து 1829இற் காலமான கப்டன் டோசனுக்கு 1832இல் எழுப்பிய கோபுரம் நிற்கிறது. அந்த வீதிக்குக் கல்லுடைத்தவர்களின் பெயர்ப்பட்டியல் எதுவும் அதிலே இல்லை.