நாலு கம்பியா, அஞ்சு கம்பியா?



சினிமாப் பாட்டு கேட்கும்போது அடியில 'தும்... தும்...'னு ஒரு சத்தம் பாட்டு கூடவே நடந்து வருமே, கவனிச்சிருக்கீங்களா? அது என்னன்னு நம்ம வகுப்புல கேட்டேன். பாதிப் பேர் டிரம்ஸ்னு சொன்னாங்க. ரெண்டு பேர் தபேலான்னு சொன்னாங்க. அது பேஸ் கிட்டார்! பார்க்க கிட்டார் மாதிரியே இருக்கும். ஆனா கழுத்து நீளம், கம்பி தடிமன், பெரும்பாலும் நாலே கம்பி.

இப்ப எதுக்கு இதைப் பத்தி எழுதுறேன்னா, எங்க கோயில் பாடகற்குழுவுக்கு ஒரு பேஸ் கிட்டார் வாங்கப் போறாங்க. கிறிஸ்துமஸ் கேரல் போய்ச் சேர்த்த பணம் 18,000 ரூபாய் இருக்கு. ரெண்டு வருஷமா சாதாரண கிட்டார் வாசிக்கிறதால, இதை நான் வாசிக்கலாம்னு ஃபாதர் சொல்லிட்டாங்க. கீபோர்டு வாசிக்கிற அண்ணன் "அஞ்சு கம்பிதான் வாங்கணும், அதுதான் பெருசு" என்கிறாங்க. ஒரு அத்தை "பொம்பளப் பிள்ளை கைக்கு அது எட்டாது, வேற யாராவது வாசிக்கட்டும்"னு சொல்லிட்டாங்க. எட்டுமா எட்டாதான்னு வாயால சொன்னா ஆச்சா? அளந்து பார்க்கணும் இல்லையா? அதனால கேட்டு, படிச்சு, அளந்து பார்த்ததை எல்லாம் இங்கே எழுதுகிறேன்.

முதலில் கொஞ்சம் வரலாறு. முன்னெல்லாம் இந்த அடிச்சத்தத்துக்கு டபுள் பேஸ் என்ற கருவிதான். ஆள் உயரத்தை விடப் பெரிய வயலின் மாதிரி இருக்கும், நின்னுக்கிட்டே வாசிக்கணும். 1951-ல் அமெரிக்காவில் லியோ ஃபெண்டர் என்பவர், தோளில் மாட்டிக்கிற மாதிரி கரண்டில் வேலை செய்கிற பேஸ் கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். டபுள் பேஸில் விரல் கொஞ்சம் தள்ளிப் போனாலும் சுருதி தப்பிடும். இவர் கழுத்தில் உலோகப் பட்டைகள் பதித்தார். அதுக்குப் பேர் ஃபிரெட். ஃபிரெட்டுக்குப் பக்கத்தில் அழுத்தினால் சுருதி துல்லியமா வரும். அதனால்தான் 'துல்லியம்' என்ற அர்த்தத்தில் பிரிசிஷன் பேஸ்னு பேர் வைத்தார். 1960-ல் அதே கம்பெனி ஜாஸ் பேஸ் என்று இன்னொன்று கொண்டுவந்தது. இன்னிக்குக் கடையில் தொங்குகிறதில் நிறைய இந்த ரெண்டையும் பார்த்துச் செய்ததுதான்.

நம்ம ஊர்ப் பாட்டில் பேஸ் கேட்கணும்னா 'மூடுபனி' படத்தில் ஜேசுதாஸ் பாடின 'என் இனிய பொன் நிலாவே' பாட்டைக் கேளுங்க. 1980-ல் வந்தது, இளையராஜாவுக்கு நூறாவது படம். படத்தில் பிரதாப் போத்தன் கையில் இருக்கிற கிட்டாரைத்தான் எல்லாரும் பார்ப்போம். பேஸ் கண்ணுக்கே தெரியாது. ஆனா காதை அடியில் வைத்துக் கேட்டால், அது பாட்டுக்குத் தனியா ஒரு பாட்டுப் பாடிக்கிட்டுப் போகும். ஏ.ஆர்.ரஹ்மான் பாட்டுகளில் நிறைய வருஷம் பேஸ் வாசித்தவர் கீத் பீட்டர்ஸ். பேரு யாருக்கும் தெரியாது, வாசிப்பு எல்லாருக்கும் தெரியும்! ஒரு விஷயம், செல்போன் ஸ்பீக்கரில் கேட்காதீங்க. ஹெட்போன் வேணும். ஏன்னு சொல்றேன்.

நமக்குக் கேட்கிற ஒலி 20 ஹெர்ட்ஸில் இருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரைன்னு அறிவியல் புத்தகத்தில் இருக்கு. சாதாரண கிட்டாரில் தடிக் கம்பி வினாடிக்கு சுமார் 82 முறை அதிரும். பேஸில் தடிக் கம்பி அதில் சரிபாதி, சுமார் 41 முறை. கேட்கிற எல்லைக்குக் கிட்டத்தட்ட அடியில் நிக்குது! செல்போனுக்குள்ள இருக்கிற குட்டி ஸ்பீக்கரால் அவ்வளவு மெதுவா காற்றைத் தள்ள முடியாது.

இப்ப பிரிசிஷனா, ஜாஸா? கம்பிக்கு அடியில் காந்தமும் செம்புக் கம்பிச் சுருளும் இருக்கும். அதுதான் பிக்கப். கம்பியோட அதிர்வை மின்சாரமா மாத்தும். பிரிசிஷனில் நடுவாக்கில் ஒரு பிக்கப்தான், அதுவும் ரெண்டு துண்டா இருக்கும். ஜாஸில் ரெண்டு பிக்கப், ஒண்ணு கழுத்துப் பக்கம், இன்னொன்று கம்பி முடிகிற பிரிட்ஜ் பக்கம். இடம் மாறினா என்ன ஆகும்? வீட்டில் துணி காயப் போடுற கொடியைச் சுண்டிப் பாருங்க. நடுவில் நல்லா மேலும் கீழும் ஆடும். கம்பத்துக்குப் பக்கத்தில் கையை வைத்தால் லேசா நடுங்குறது மட்டும்தான் தெரியும். அதே கதைதான். கழுத்துப் பக்கப் பிக்கப் பெரிய ஆட்டத்தைக் கேட்கும், சத்தம் உருண்டையா, கனமா வரும். பிரிட்ஜ் பக்கப் பிக்கப் சின்ன நடுக்கத்தைக் கேட்கும், சத்தம் கறாரா, கொஞ்சம் மூக்கால் பேசுற மாதிரி வரும். ஜாஸில் ரெண்டையும் கலந்துக்கலாம். பிரிசிஷனில் ஒரே குரல்தான், ஆனா நல்ல குரல்.

ஒரு சின்னத் தொல்லையும் உண்டு. ஜாஸில் ஒரு பிக்கப்பை மட்டும் திறந்தால் கரண்டோட 'ம்ம்ம்' இரைச்சல் வரும். எர்த் சரியில்லாத இடத்தில் இன்னும் மோசம். ரெண்டையும் சமமா வைத்தால் ஒண்ணோட இரைச்சலை இன்னொன்று அடக்கிடும். பிரிசிஷனில் அந்த ரெண்டு துண்டும் தாங்களே இந்த வேலையைச் செய்துடும்.

அடுத்தது நீளம். என் பிரச்சினையே இதுதான். கம்பி ரெண்டு பக்கமும் தாங்குகிற இடங்களுக்கு நடுவில் உள்ள தூரத்துக்கு ஸ்கேல்னு பேர் (நம்ம ஜாமெட்ரி பாக்ஸ் ஸ்கேல் இல்லை, ஆனா அதையும் எடுத்து வச்சுக்கோங்க). சாதாரணமா 34 அங்குலம். 'ஷார்ட் ஸ்கேல்' என்றால் 30 அங்குலம். ஒவ்வொரு ஃபிரெட்டும் ஒரு கணக்குப்படி சுருங்கிக்கிட்டே போகும். பன்னிரண்டாவது ஃபிரெட் சரியா பாதி நீளத்தில் இருக்கும். கணக்கு நோட்டில் போட்டுப் பார்த்தேன். முதல் ஃபிரெட்டில் இருந்து நாலாவது ஃபிரெட் வரை பெரிய பேஸில் சுமார் 13 செ.மீ., சின்னதில் சுமார் 11½ செ.மீ. என் இடது கையை முழுசா விரித்தால் ஆள்காட்டி விரலில் இருந்து சுண்டு விரல் வரை 13 செ.மீ. அதாவது வலிக்க வலிக்க எட்டும். வலிக்க வலிக்க ஒரு பூசை முழுக்க வாசிக்க முடியுமா?

அத்தை சொன்னது சரியோன்னு தோணும். ஆனா டபுள் பேஸ் வாசிக்கிறவங்க ரொம்ப காலமா ஒரு வழி வச்சிருக்காங்க. நாலு விரலுக்கு நாலு ஃபிரெட்னு விரிக்காமல், மோதிர விரலையும் சுண்டு விரலையும் ஒண்ணா சேர்த்து மூணு ஃபிரெட்டுக்குள் வாசிப்பாங்க. வேணும்கிறபோது கையையே நகர்த்திக்குவாங்க. அப்ப பெரிய பேஸிலும் 9 செ.மீ.க்குள் முடிஞ்சிடும். 9 செ.மீ. எனக்கு வலிக்காமலே எட்டும்!

ஷார்ட் ஸ்கேலை மட்டமா நினைக்காதீங்க. பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி வாசித்த ஹாஃப்னர் பேஸ் 30 அங்குலம்தான். வயலின் வடிவத்தில் இருக்கும், உள்ளே கூடு, அதனால் எடையும் குறைவு. அவர் இடது கைக்காரர். ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி வடிவம் என்பதால் திருப்பிப் பிடித்தாலும் அசிங்கமா தெரியாது. 1961-ல் ஜெர்மனியில் ஹாம்பர்க் நகரத்தில் வாங்கினார். 1972-ல் திருடு போயிடுச்சு. கிடைச்சுட்டதுன்னு 2024-ல் அறிவிச்சாங்க. 50 வருஷத்துக்கு மேல! எனக்குக்கூட அதுமேல்தான் ஆசை. ஆனா ஷார்ட் ஸ்கேலுக்குக் குட்டையான கம்பி செட் தனியா வேணும். நம்ம பக்கத்துக் கடைகளில் கேட்டதில் பெரிய பேஸ் கம்பிதான் உடனே எடுத்துத் தர்றாங்க. நான் பன்னிரண்டாவது முடித்துப் போன பிறகு வேற யாரோ வாசிக்கணும், அதையும் யோசிக்கணும்.

சரி, அண்ணனோட அஞ்சு கம்பிக்கு வருவோம். அஞ்சாவது கம்பி இன்னும் தடி, சுமார் 31 ஹெர்ட்ஸ். அண்ணன் சொல்றதில் நியாயம் இருக்கு. எங்க பாட்டுகள் நிறைய டி சுருதியில், சி சுருதியில். நாலு கம்பி பேஸ் 'இ'யோட நின்னுடும், அதுக்குக் கீழே இருக்கிற டியும் சியும் வராது. அஞ்சு கம்பியில் வரும். மும்பையில் பிறந்த மோகினி டே அக்கா அஞ்சு கம்பியில்தான் பிரமாதமா வாசிக்கிறாங்க. சின்ன வயசிலேயே அப்பாகிட்ட கத்துக்கிட்டு, ரஹ்மான் மேடைகளிலும் வாசிச்சவங்க. பெண்கள் கைக்கு எட்டாது என்கிறவங்க ஒரு தடவை அவங்க வீடியோவைப் பாருங்க.

ஆனா எங்க கோயிலில் இருக்கிறது கீபோர்டுக்கு வாங்கின ஒரே ஸ்பீக்கர். அது 41 ஹெர்ட்ஸுக்கே திணறும். 31 ஹெர்ட்ஸ் போனா 'டர்ர்'னு கிழியிற சத்தம்தான் வரும். ரெண்டாவது, கோயிலே ஒரு குகை மாதிரி. மிஷன் வீதி சம்பா கோயில் மாதிரி உயரமான கட்டடத்துக்குள் பேசினவங்களுக்குத் தெரியும், ஒரு சொல் முடியறதுக்குள் அடுத்த சொல் மேல ஏறிக்கும். கீழ்ச்சத்தம் அதிகமானா பாட்டு வார்த்தையே புரியாது. மூணாவது, அஞ்சு கம்பிக்குக் கழுத்து அகலம். ஜாஸ் பேஸோட கழுத்து நுனியில் 3.8 செ.மீ.தான். அடி டி கட்டாயம் வேணும்னா நாலாவது கம்பியை ஒரு சுருதி தளர்த்திக்கலாம். அதுக்குக் காசு செலவில்லை.

ஃபிரெட்டே இல்லாத பேஸும் உண்டு. வீணை கமகம் மாதிரி வழுக்கிக்கிட்டு வரும், கேட்க அவ்வளவு அழகு. சுருதி முழுக்க காதை நம்பித்தான். எனக்கு இப்போதைக்கு வேணாம்.

இன்னொன்று, சில பேஸுக்குள் 9 வோல்ட் பேட்டரி போடணும். சத்தத்தை இஷ்டத்துக்கு மாத்தலாம், நல்லாத்தான் இருக்கும். ஆனா நள்ளிரவுத் திருப்பலி நடுவில் பேட்டரி தீர்ந்தா? பேட்டரி இல்லாததே போதும். நம்ம கடற்கரைக் காற்றில் உப்பு இருக்கு, கம்பி சீக்கிரம் துரு பிடிக்கும். வாசிச்சு முடிச்சதும் காய்ந்த துணியால் துடைக்கணும். இது எந்த வகை வாங்கினாலும் பொது.

வாங்கப் போகிறவங்களுக்கு: ஒவ்வொரு ஃபிரெட்டையும் அழுத்தி வாசிச்சுப் பாருங்க, எங்கேயாவது 'கிர்'னு உரசினா விட்டுடுங்க. கம்பியைச் சும்மா தட்டி, பிறகு பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அழுத்தித் தட்டுங்க. ரெண்டும் ஒரே ஸ்வரமா, மேல் ஸ்தாயியில் சரியா வரணும். தோளில் மாட்டிப் பத்து நிமிஷம் நில்லுங்க, நாலு கிலோ வரை இருக்கும். வாசிக்கிறவங்ககிட்ட நேரில் கேட்கணும்னா ஜூன் 21 வரை காத்திருங்க. பிரான்சில் 1982-ல் ஆரம்பிச்ச இசைத் திருவிழாவை அன்னிக்கு நம்ம புதுச்சேரியிலும் கொண்டாடுறாங்க. மேடைக்குப் பக்கத்தில் போய் நின்னா எத்தனை வகை பேஸ் வருதுன்னு எண்ணலாம்.

என் ஓட்டு நாலு கம்பி, ஜாஸ் வகை, பேட்டரி இல்லாதது. அண்ணன் இன்னும் அஞ்சு கம்பியிலேயே நிக்கிறாங்க. அவங்களோட ஒரு ஒப்பந்தம் போட்டிருக்கேன். வர்ற சனிக்கிழமை கடையில் ரெண்டையும் வாங்கி, கோயில் ஸ்பீக்கரைத் தூக்கிட்டுப் போய் அதிலேயே மாட்டி வாசிச்சுப் பார்க்கிறது. ஸ்பீக்கரை ஆட்டோவில் ஏத்துற வேலை அண்ணனுக்கு, ஸ்கேலும் கணக்கு நோட்டும் எனக்கு.