உப்புக் காற்றில் ஒளி கட்டுவோர்

தூத்துக்குடி தொடங்கி மணப்பாடு, உவரி, இடிந்தகரை, முட்டம் என்று நீரோடி வரையில் நீளும் கடற்கரையில், டிசம்பர் பிறந்ததும் ஊர்களின் தோற்றமே மாறிவிடுகிறது. வீட்டுக்கு வீடு மூங்கில் கழியில் நட்சத்திரம் ஏறுகிறது. தெருவின் குறுக்கே வண்ணச் சரங்கள் தோரணமாகத் தொங்குகின்றன. பகலெல்லாம் வெள்ளைச் சுவராக அமைதியுற்று நிற்கும் ஆலய கோபுரம், அந்தி சாய்ந்த சிறிது நேரத்துக்குள் அடிமுதல் உச்சிச் சிலுவை வரையில் ஜோதிமயமாகி, கடலில் வெகுதொலைவில் வலை போட்டிருப்பவர்களுக்கும் ஊரில் உற்சவ காலம் வந்துவிட்டதென்று அறிவித்துவிடுகிறது. 1882ஆம் ஆண்டு டிசம்பரில், நியூயார்க் நகரில், எடிசனின் கூட்டாளியாகிய எட்வர்ட் ஜான்சன் தம் வீட்டு மரத்தில் 80 சிறு விளக்குகளைக் கோத்துச் சுற்றிவைத்தபோது ஆரம்பமான வழக்கம் இது. உறைபனிக் காலத்து இருட்டுக்கு ஆறுதலாக அங்கே பிறந்தது, மார்கழி இரவிலும் முதுகில் வியர்வை வழியும் நம் கரைக்கு வந்து சேர்ந்து, இங்குள்ள ஜனங்களின் சொந்தச் சம்பத்தாகவே ஆகிவிட்டது.

இந்த அலங்காரத்தைக் கண்டு களிக்கிறவர்கள் பல்லாயிரம் பேர். அதைக் கட்டுகிறவர்களை நிமிர்ந்து பார்க்கிறவர்கள் மிகச் சிலரே. ஒலி-ஒளி அமைப்பாளர் என்று பெயர்ப் பலகை மாட்டியிருக்கும் ஒரு சிறு கடை, கடைக்குப் பின்னால் குழாய் விளக்குகளும் ஒலிபெருக்கிக் குழல்களும் கம்பிச் சுருள்களும் அடுக்கிய ஒரு கொட்டகை, பொருள்களை ஏற்றிச் செல்ல ஒரு சுமை வண்டி, ஏழெட்டு இளைஞர்கள் என்ற அளவில்தான் இந்தத் தொழில் பெரும்பாலும் நடக்கிறது. ஆகஸ்ட் 5ஆம் தேதி வரும் தூத்துக்குடிப் பனிமய மாதா திருவிழாவுக்குச் சரம் கட்டுகிற கைகளே குலசேகரப்பட்டினம் முத்தாரம்மன் தசராவுக்கும், திருச்செந்தூர்க் கந்த சஷ்டிக்கும், பள்ளிவாசல் கந்தூரிக்கும், இடையில் வரும் கல்யாணங்களுக்கும் சரம் கட்டுகின்றன. எந்தச் சந்நிதியின் முன் நின்று வேலை செய்தாலும், அந்தச் சந்நிதிக்குரிய பயபக்தியோடு, உச்சியில் ஏறுமுன் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறும் இந்தப் பையன்களிடம், சமய நல்லிணக்கத்தைப் பற்றி எவரும் உபந்நியாசம் செய்ய வேண்டிய அவசியம் இல்லை. ஆனால் அந்த வெறுங்காலைப் பற்றித்தான் என் மனத்தில் தீராத கவலை.

கோபுரத்தில் சரம் ஏற்றும் காட்சியை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு என் கவலை விளங்கும். சவுக்குக் கழிகளைக் கயிற்றால் பிணைத்த சாரத்தின் மேல் ஒருவன். கீழே சரத்தை முறுக்கு விழாமல் விட்டுக்கொடுப்பவன் ஒருவன். நடுவில், சுவரின் விளிம்பைப் பற்றியபடி, இரண்டு சரங்களை இணைப்பவன் ஒருவன். அவன் கம்பியின் உறையைப் பல்லால் கடித்து உரிக்கிறான். செம்பு இழைகளை விரலால் முறுக்குகிறான். சட்டைப் பையிலிருந்து கறுப்பு டேப்பை எடுத்து இரண்டு சுற்றுச் சுற்றுகிறான். காதில் செருகியிருக்கும் டெஸ்டரை எடுத்துக் கம்பியில் வைத்து அதன் சிறு விளக்கு ஒளிர்கிறதா என்று பார்க்கிறான். அதாவது, மின்சாரம் ஓடிக்கொண்டிருக்கும் கம்பியிலேயே இந்த வேலை நடக்கிறது; நிறுத்திவிட்டுக் கட்டினால் எந்தச் சரம் எரிகிறது, எது எரியவில்லை என்று உடனுக்குடன் தெரியாது, நேரமும் வீணாகும் என்பது அவர்கள் சொல்லும் காரணம். பயமில்லையா என்று கேட்டால், "பல்பு சின்னதுதானே அண்ணாச்சி, என்ன செஞ்சிரும்?" என்று சிரிக்கிறார்கள்.

அந்தச் சிரிப்புத்தான் இந்தத் தொழிலின் மூலபூதமான அபாயம். சீரியல் செட்டின் தத்துவம் எளியது: ஆறு வோல்ட்டில் எரியும் குமிழ்கள் நாற்பதை வரிசையாகக் கோத்தால், வீட்டுக்கு வரும் 240 வோல்ட்டை அவை தமக்குள் பங்கிட்டுக்கொள்கின்றன. குமிழ் ஒன்றுக்கு ஆறு வோல்ட் என்பது உண்மை. ஆனால் அந்த ஆறு, குமிழின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் இடையே உள்ள வித்தியாசமே தவிர, கம்பிக்கும் தரைக்கும் இடையே உள்ள வித்தியாசம் அன்று. சரத்தின் ஃபேஸ் முனையை ஒட்டியுள்ள குமிழின் கம்பியைத் தொட்டபடி ஈரச் சுவரில் கால் ஊன்றியிருப்பவன் வாங்குவது, குறையாத 240 வோல்ட். இதைவிடக் கொடியது, எரியாமல் செத்துக் கிடக்கும் சரம். நடுவில் ஒரு குமிழ் அறுந்தால் சரம் முழுவதும் அணைந்துவிடும். அணைந்ததை அஞ்சுவானேன் என்று அதை எடுத்துக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு ஏறுகிறவர்களை நான் கண்டிருக்கிறேன். ஆனால் ஓட்டம் நின்றதேயொழிய அழுத்தம் நிற்கவில்லை. ஃபேஸ் முனையிலிருந்து அறுந்த இடம் வரையில் ஒவ்வொரு கம்பியிலும் முழு மின்னழுத்தமும் பதுங்கியிருக்கிறது. கருகிய குமிழைக் கழற்றிய அந்த வெற்றிடத்தின் இரு கரைகளுக்கிடையே, ஆறுக்குப் பதிலாக 240ம் வந்து நிற்கிறது. சரத்தின் இரண்டு பின் செருகியை எந்தப் பக்கமாகவும் திருப்பிச் செருகலாமாகையால், எது ஃபேஸ் முனை என்பதைப் பார்வையால் நிச்சயிக்கவும் வழியில்லை.

உள்நாட்டு ஊர்களிலும் இதே செட்டுத்தான், இதே டேப்புத்தான். எனினும் கடற்கரையில் அபாயம் இரட்டிப்பாவதற்குக் காரணம் உண்டு. அலையிலிருந்து எழும் நுண்துளிகளைச் சுமந்து வரும் காற்று, சுவர், ஏணி, கம்பி, குமிழின் தாங்கி என்ற பேதமில்லாமல் எல்லாவற்றின் மீதும் உப்பைப் படியவிடுகிறது. இரும்பு துருவேறுகிறது, செம்பு இழைகளில் பச்சைக் களிம்பு பூத்து, இணைப்பு தளர்ந்து, தளர்ந்த இடம் சூடேறி, உறை இளகுகிறது. காய்ந்த உப்பு மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே நண்பகல் வெயிலில் கட்டி முடித்துச் சோதிக்கும்போது எல்லாம் சரியாகவே இருக்கும். இரவு ஏறி மார்கழிப் பனி இறங்கியதும், அதே உப்பு ஈரத்தில் கரைந்து, கம்பியிலிருந்து சுவருக்கும் சுவரிலிருந்து இரும்புக் கைப்பிடிக்கும் மின்சாரம் கசிந்து செல்லும் பாதையாகிவிடுகிறது. நள்ளிரவுத் திருப்பலிக்குக் குடும்பம் குடும்பமாக ஜனங்கள் வந்து, குழந்தைகள் குடிலின் தகரக் கூரையைத் தொட்டுத் தொட்டு விளையாடும் வேளையும் அதுவே என்பதை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு பதறுகிறது. வடகிழக்குப் பருவமழை டிசம்பர்க் கடைசியில் ஒரு நாள் தூறிவிட்டாலோ கேட்க வேண்டியதே இல்லை.

இப்பொழுது சந்தையை நிரப்பியிருக்கும் எல்.இ.டி. சரங்களால் மின் செலவு குறைந்தது, சூடு குறைந்தது, விதவிதமான ஓட்டங்களும் சித்திரங்களும் சாத்தியமாயின. மோட்டாரில் சுழலும் உருளையைக் கொண்டு விளக்குகளை ஓடவிட்ட காலம் மலையேறி, உள்ளங்கையளவு மின்னணுப் பெட்டி அந்த வேலையைச் செய்கிறது. பன்னிரண்டு வோல்ட்டில் இயங்கும் உயர்தர வகை கைக்குத் தீங்கற்றதுதான். ஆனால் மலிவான சரங்களோ நேரே வீட்டு மின்சாரத்தில் செருகப்படுகிறவை. மயிரிழை போன்ற கம்பி, பெயருக்கு ஓர் உறை, ஒரு பருவத்து உப்புக் காற்றுக்கே வெடித்துவிடும் பிளாஸ்டிக். ஏலம் போலக் கூலியைக் குறைத்துக் கேட்கும் திருவிழாக் கமிட்டிகளுக்குக் கட்டுப்படியாகிற சரமும் அதுதான்.

சரங்களின் கதை இது. தலைக்கு மேலே செல்லும் உயரழுத்தக் கம்பியின் கதையோ சொல்லவும் துணிவு வராதது. 2022 ஏப்ரலில் தஞ்சாவூரை அடுத்த களிமேட்டில், அப்பர் சதய விழாத் தேர் மின்கம்பியில் உரசி 11 உயிர்கள் போயின. அவர்களில் சிறுவர்களும் இருந்தார்கள். 2025 மார்ச் 1ஆம் தேதி, குமரி மாவட்டத்துக் கடற்கரைக் கிராமமான இனயம்புத்தன்துறையில், ஆலயத் திருவிழா ஏற்பாட்டின்போது நகர்த்திச் சென்ற இரும்பு ஏணி கம்பியில் பட்டு, ஊர்க்காரர்கள் நால்வர் ஒருங்கே மாண்டார்கள். அலங்காரத்துக்காக எடுத்த உயரமே எமனாக வந்த இந்த இரண்டு சம்பவங்களுக்குப் பிறகும், கடற்கரைத் தெருக்களில் இரும்பு ஏணியை நிமிர்த்திப் பிடித்து நாலு பேர் ஓட்டமாக ஓடும் காட்சி மறையவில்லை. இரும்பு நீடித்து உழைப்பது என்கிறார்கள். ஈரமில்லாத மூங்கில் மின்சாரத்தை எளிதில் கடத்தாது என்ற ஒரு குணத்துக்காக மூங்கில் ஏணியை எடுக்கலாகாதா?

ஒளி அலங்காரமே வீண் ஆடம்பரம் என்போரும், கடலை நோக்கி ஊரும் ஆமைக் குஞ்சுகளை ஒளி திசை மாற்றிவிடும் என்போரும் உண்டு. அவர்கள் கூற்றிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் வருஷமெல்லாம் கடலோடு மல்லுக்கு நிற்கும் ஊரார் தங்கள் மாதாவுக்கும் பாலகனுக்கும் வெளிச்சம் காட்ட வேண்டுமென்று விரும்புவதை நான் ஒருநாளும் குறை சொல்லமாட்டேன். அந்த வெளிச்சத்துக்காக ஓர் இளைஞன் கையுறையில்லாமல், இடுப்புக் கயிறில்லாமல், உயிருள்ள கம்பியைப் பல்லால் கடிக்க வேண்டியதில்லை என்பதுதான் என் வாதம்.

செய்ய வேண்டியவையோ பெரிய காரியங்களல்ல. கொக்கி போட்டு எடுக்கும் மின்சாரத்தில் எந்தக் காப்பும் இராது. முறைப்படி தற்காலிக இணைப்புப் பெற்று, அதன் தலைமாட்டில், 30 மில்லியாம்பியர் கசிந்தாலே அரை நொடிக்குள் துண்டித்துவிடும் டிரிப்பர் ஒன்றைப் பொருத்த வேண்டும். நல்ல எர்த் போட வேண்டும். கம்பியில் கை வைக்கும் நேரத்தில் செருகியைப் பிடுங்கிவிட வேண்டும். தேரோ ஏணியோ தெருவில் நகரும் நாளில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து, மேல் கம்பியில் மின்சாரத்தை நிறுத்திவைக்க வேண்டும். ஏனெனில் 11,000 வோல்ட்டுக்கு முன் எந்த டிரிப்பரும் துணைக்கு வராது. விலைப்புள்ளி கேட்கும்போது எத்தனை சரம், எத்தனை வளைவு என்று கேட்கும் கமிட்டிப் பெரியவர்கள், டிரிப்பர் உண்டா, இடுப்புக் கயிறு உண்டா, வேலைக்கு வருபவர்களுக்குக் காப்பீடு உண்டா என்ற மூன்று கேள்விகளையும் சேர்த்துக் கேட்கட்டும். அதற்காகக் கூடும் தொகையை, இரண்டு வளைவுகளைக் குறைத்தாவது, மனமுவந்து கொடுக்கட்டும்.

வாசகர்களுக்கும் ஒரு விண்ணப்பம். உங்கள் வீட்டு வாசலில் நட்சத்திரத்தைக் கட்டுமுன், மின்பெட்டியைத் திறந்து, டிரிப்பரில் "டி" என்ற எழுத்துப் பொறித்த சிறு பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள். அழுத்திய கணமே வீடு இருண்டால் கருவி வேலை செய்கிறது. இருளாவிட்டாலோ, அந்தக் கருவியே பெட்டியில் இல்லையென்றாலோ, நட்சத்திரத்தை மறுநாள் கட்டிக்கொள்ளுங்கள், வயர்மேனை அன்றே அழையுங்கள்.